படை சேருமுன் உடலும் தொழிலும்

படை என்றவுடன் பலருடைய உள்ளத்தில் எழுவது துப்பாக்கி ஏந்திய வீரனின் உருவமே. ஆயின் ஒரு படைமுகாமின் உள்ளே சென்று நோக்குவார்க்கு அங்கே தச்சரும் மேசன்மாரும், சாரதிகளும் சமையற்காரரும், எழுதுவினைஞரும் மின்வினைஞரும், தாதியரும் வானொலித் தொடர்பு வல்லாரும் நிறைந்திருத்தல் புலனாகும். ஆதலின் படையிற் சேர்தல் என்பது ஒரு சீருடையை அணிதல் மட்டுமன்று. ஒரு தொழிலை மேற்கொள்ளுதலுமாகும். சேர விரும்பும் இளைஞன் முன்னரே விடை காணவேண்டிய வினாக்கள் இரண்டு. தன் உடல் அவ்வாழ்வைத் தாங்குமா என்பது ஒன்று. அங்கே தான் செய்யப்போகும் தொழில் யாது என்பது மற்றொன்று. வாயிலை அடைந்தபின் இவற்றை எண்ணத் தொடங்குவோன் தன் வாழ்வைப் பிறர் முடிவுக்கு ஒப்படைத்தவனாகின்றான்.

திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அதிகாரங்களை வகுப்பதற்கு நெடுமுன்னரே தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தை அமைத்துள்ளார். வீரத்தைப் பேசுமுன் வினைக்கு உரியவனை ஆராய்தல் வேண்டும் என்று அவ்வரிசையிலிருந்து நாம் பொருள் கொள்ளலாம்.

கண்டி நகருக்கு வடகிழக்கே, மாத்தளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்துள்ளது வத்தேகம. 1880ஆம் ஆண்டில் அப்பாதை மாத்தளையை எட்டியது. வத்தேகமவுக்கு அப்பால் பன்வில, மடுல்கலை முதலிய இடங்களின் தோட்டங்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்கின்றன. இம்மலைப் பகுதிக்கும் படைத்தொழிலுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. ஆளுநர் எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு வெட்டப்பட்டபோது, கப்டன் டோசன் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் உழைத்தோருள் பயனியர் எனப்பட்ட வழியமைக்கும் பிரிவினரும் இருந்தனர். அத்தகைய பிரிவினர் ஏந்திய கருவிகள் பெரும்பாலும் மண்வெட்டியும் கடப்பாறையுமே. கடுகண்ணாவையில் இன்றும் நிற்கும் டோசன் கோபுரம் அவ்வேலையின் நினைவுச் சின்னம்.

பின்னர் 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை தோன்றிற்று. அதன் தலைமையகம் கண்டியில் இருந்தது. ஐரோப்பியத் துரைமாரே அதன் உறுப்பினர். அவர்கள் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே ஓய்வு நாட்களில் குறி பார்த்துச் சுடுதலையும் அணிநடையையும் பயின்றனர். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது அவர்களில் ஒரு பிரிவினர் எகிப்துக்குக் கப்பலேறினர். அடுத்த ஆண்டு கலிப்பொலிப் போர்க்களத்திலும் இருந்தனர். முன்னரே பயின்றவர்களாதலின் விரைவில் புறப்பட அவர்களுக்கு இயன்றது. அப்படை 1949இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையின் நிரந்தர இராணுவம் சட்டப்படி நிறுவப்பட்டது.

ஆனால் அதே மலைகளில் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்த மக்களுக்கு அக்கதவு திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். குடியுரிமை இல்லாதார்க்கு அரச சேவையும் இல்லை. படைச் சேவையும் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் முதல் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை நீண்ட நெடும் போராட்டத்தின் பின்னரே அக்குறை நீங்கிற்று. இதற்கிடையே 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர், தமிழ் இளைஞர் சீருடையை நோக்கும் பார்வையையே மாற்றிவிட்டது. இந்நிலையில் சேர்வதா, சேராதிருப்பதா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனச்சான்றையும் குடும்பத்தையும் கலந்தே தீர்மானித்தல் வேண்டும். ஆயினும் சேர்வோர்க்கும் சேராதோர்க்கும் ஒருங்கே பயன்படும் ஆயத்தம் ஒன்றுண்டு.

தொழிலை முதலில் நோக்குவோம். தமிழர் வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று மதராஸ் சாப்பர் படையாகும். 1780இல் சென்னையில் பயனியர் பிரிவுகளாகத் தொடங்கிய அப்படையின் நிலையம் இன்று பெங்களூரில் உள்ளது. பாலம் கட்டுதல், வழி சமைத்தல், கண்ணிவெடி அகற்றல் என்பன அதன் பணிகள். அதன் வீரர் ‘தம்பிகள்’ என்றே அன்புடன் அழைக்கப்படுவர். அப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் இத்தாலி நாட்டின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். வெடியொன்று இயங்கத் தொடங்கியதும், அது வெடிப்பதற்கு எஞ்சியிருந்த சில விநாடிகளில் தம் உடலால் அதனை மூடி, உடனிருந்தோரைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அந்நொடியில் விளங்கியது வீரம். அதனோடு விளங்கியது, வெடி எவ்வாறு இயங்கும் என்பதை அறிந்திருந்த தொழிலறிவு.

ஆளைத் தொழிலுக்கேற்பப் பிரிக்கும் முறையும் முதலாம் உலகப் போரிலேயே பெரிதும் வளர்ந்தது. 1917இல் அமெரிக்கப் படை றொபேட் யேக்ஸ் என்னும் உளவியலாளரின் தலைமையில் அல்பா, பீற்றா என்னும் இரு தேர்வுகளை வகுத்தது. எழுத்தறிந்தோர்க்கு முதலாவது, எழுத்தறியாதோர்க்குப் படங்களாலான இரண்டாவது. ஏறத்தாழப் பதினேழு இலட்சம் பேர் அவ்வாறு சோதிக்கப்பட்டனர். அத்தேர்வுகளிற் குறைகள் பல இருந்தமை பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. எனினும், எல்லா மனிதரும் எல்லா வேலைக்கும் ஒருவரல்லர் என்னும் கருத்து அன்று முதல் படைகளில் நிலைபெற்றது.

இன்று இவ்வுண்மை முன்னினும் கூர்மையாகியுள்ளது. இராணுவத்தின் எண்ணிக்கையை 2030ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சமாகக் குறைக்கப்போவதாக இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு 2023 சனவரியில் அறிவித்தது. இடங்கள் குறையக் குறைய, கைத்தொழில் அறிந்தவனுக்கே மதிப்பு மிகும். இந்தியாவில் 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்திலோ சேவைக் காலமே நான்கு ஆண்டுகள். அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே தொடர்ந்து சேவையில் வைத்துக்கொள்ளப்படுவர். இலங்கையில் நிரந்தரப் படையின் சிப்பாய் 22 ஆண்டுச் சேவையின் பின் ஓய்வுபெறலாம். இருபது வயதிற் சேர்ந்தவன் நாற்பத்திரண்டு வயதில் வெளியேறுவான். பிள்ளைகள் பள்ளியிற் படிக்கும் காலம் அது. அன்று அவன் கையில் எஞ்சியிருப்பது யாது என்பதே தொழில் தெரிவின் உரைகல்.

காலாட்படைப் பணி பெருமைக்குரியது. ஆயினும் அதற்கு நேரான வேலை ஊரில் அரிது. வாகனம் திருத்துதல், மின்னிணைப்பு, உருக்கி ஒட்டுதல், மருத்துவ உதவி, கணக்கு, சமையல் என்பன முகாமிலும் சோறளிக்கும். முகாமைவிட்டு வந்தபின்னும் சோறளிக்கும். எனவே விண்ணப்பிக்கு முன்னரே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் ஒன்றைப் பெறுதல் அறிவுடைமை. சாரதி அனுமதிப்பத்திரமும் அத்தகையதே. சிங்கள மொழியை வாசிக்கவும் எழுதவும் பயிலுதல் தமிழ் இளைஞனுக்கு மிக இன்றியமையாதது; கட்டளையை விளங்காதவன் எத்துணைத் திறமையுடையவனாயினும் பின்தங்குவான். மேலும், சேர்க்கை அறிவித்தலில் எழுத்தில் உள்ளதையே உறுதியெனக் கொள்ளல் வேண்டும். வாய்மொழியாகக் கூறப்படும் தொழிலை நம்பிக் கையொப்பமிடுதல் தகாது.

இனி உடலை நோக்குவோம். 1855இல் பிரைற்ஹோப்ற் என்னும் பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுநடை சென்ற சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவுறுதலை எடுத்துரைத்தார். பாதத்து எலும்பில் ஏற்படும் நுண்ணிய முறிவே அதற்குக் காரணம் என்பது எக்ஸ்கதிர்க் கருவி தோன்றிய பின்னர் தெளிவாயிற்று. எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை வந்ததும் உடல் பழைய எலும்பைச் சிறிது கரைத்து, அவ்விடத்தில் புதியதை அமைக்கின்றது. கரைதல் சில வாரங்களில் முடியும். அமைதலுக்கோ சில மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு வலிகுன்றி இருக்கும். தசையும் மூச்சும் விரைவில் தேறுவதால் இளைஞன் தான் ஆயத்தமாகிவிட்டதாக எண்ணி விரைகின்றான். எலும்போ பின்தங்கி நிற்கின்றது. பயிற்சி முகாமிற் காலொடிந்து திரும்புவோர் பலரின் கதை இதுவே.

ஆகவே ஆயத்தம் மூன்று மாதங்களுக்குக் குறையாது இருத்தல் நன்று. முதல் நான்கு வாரங்களில், வாரத்தில் மூன்று நாள், விரைநடையும் மெல்லோட்டமும் மாறிமாறிப் பயிலலாம். அடுத்த வாரங்களில் ஓட்டத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓடாத நாட்களில் இருவர் கூடித் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, மரக்கிளையைப் பற்றி உடலை மேலே இழுத்துப் பழகலாம். ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். இறுதி மாதத்தில் முதுகிற் சிறு சுமையுடன் நடத்தலைத் தொடங்கலாம். அக்னிபத் தேர்வில் 1.6 கிலோமீற்றர் ஓட்டத்தில் முழுப் புள்ளி பெற ஐந்தரை நிமிடத்துள் ஓடிமுடித்தல் வேண்டும். அத்தகைய வேகம் ஒரு கிழமையில் வருவதன்று.

வத்தேகமவின் மேட்டுநிலம் இதற்கு இயற்கை அளித்த பயிற்சிக்களம். ஆனால் அதனைப் பயன்படுத்தும் முறை அறியவேண்டும். ஏற்றத்தில் ஓடுதல் நெஞ்சையும் தொடையையும் வலுப்படுத்தும். காலில் மோதும் அதிர்ச்சியும் குறைவு. இறக்கத்தில் ஓடுதல் முழங்காலையும் கணைக்காலையும் தாக்கும். ஆதலின் ஏறும்போது ஓடுக, இறங்கும்போது நடக்க. எலும்பின் ஒரே இடத்தில் நோவு நிலைத்து நிற்குமாயின், அதனைப் பொறுத்து ஓடுதல் வீரமன்று; ஓய்வெடுத்து மருத்துவரை அணுகுதலே முறை.

உணவிலும் கருதவேண்டியது ஒன்றுண்டு. இரும்புச் சத்துக் குறைந்தவனின் குருதி போதிய பிராணவாயுவைச் சுமக்காது. அவன் எத்துணை முயன்றாலும் மூச்சு வாங்கும். தோட்டப்புறங்களில் சோற்றோடோ ரொட்டியோடோ தேநீர் அருந்துதல் வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்காதவாறு தடுக்கின்றது. தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ அருந்தி, உணவோடு தேசிக்காய்ச் சாற்றையோ கொய்யாப் பழத்தையோ சேர்த்துக்கொண்டால் அத்தடை பெரிதும் நீங்கும். ஒரு செலவும் இல்லாத மாற்றம் இது.

உடலையும் தொழிலையும் இணைப்பது மருத்துவச் சோதனை. ஜப்பானிய இராணுவக் கண்மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட நிறப்புள்ளித் தட்டுகள் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுடையவனுக்குச் சில தொழில்கள் மறுக்கப்படலாம். வேறு பல திறந்திருக்கும். இதனை விண்ணப்பிக்குமுன் அறிந்தவன் தன் தெரிவை மாற்றிக்கொள்வான். தேர்வு நாளில் அறிந்தவன் மனமுடைவான். கண், செவி, பல், இருதயம், மூச்சு ஆகியவற்றை முன்னரே அரச மருத்துவமனையிற் சோதித்தறிதல் நலம். பயிற்சியைத் தொடங்குதற்கும் அதுவே முதற்படி.

சுருங்கக் கூறின், மருத்துவச் சோதனை முதலாவது, தொழில் தெரிவும் அதற்கான சான்றிதழும் இரண்டாவது, மூன்று மாதப் படிமுறைப் பயிற்சி மூன்றாவது, விண்ணப்பம் நான்காவது. பெரும்பாலார் நான்காவதிலிருந்து தொடங்கி முதலாவதிற் தடுக்கி விழுகின்றனர். இவ்வரிசையைப் பேணியவனைப் படை ஏற்றுக்கொண்டால் அவன் நல்ல வீரனாவான். ஏற்காவிடினும் அவனுக்கு இழப்பில்லை. உறுதியான உடலும், கையிலொரு தொழிலும், கூடுதலாக ஒரு மொழியும் அவனோடு வீடு திரும்பும். தம் முன்னோர்க்கு அடைக்கப்பட்டிருந்த வாயில்களின் முன் இன்று நிற்கும் மலையக இளைஞர், அவற்றுள் எதனுட் புகுவதென்பதைத் தாமே தெரிந்தெடுக்கும் வலிமையைப் பெறுதல் வேண்டும்.