மண்ணை ஆள்பவர்கள் – 12: சுவருக்குள் தட்டும் சத்தம்

போன வாரம் ஆரத்தியோடு நிறுத்தியிருந்தோம். ‘தங்கலான்’ படத்தில் தங்கத்துக்குக் காவல் நிற்கும் அவளைப் பற்றி மறுபடி சொல்லப்போவதில்லை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ‘கே.ஜி.எஃப்’ படத்து ராக்கியின் முறை என்று சொல்லியிருந்தேன். ராக்கி வருவார். ஆனால் அவருக்கு முன்னால் இரண்டடி உயரமுள்ள ஒரு கூட்டம் வந்து வழியை மறித்துக்கொண்டது. இதழ் முடிக்கும் நாள் நெருங்கியும் அவர்களை விட்டு என்னால் நகர முடியவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கார்ன்வால். வெள்ளீயமும் செம்பும் விளைந்த பூமி. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள், பாறைக்குள் சிலர் குடியிருப்பதாக நம்பினார்கள். பெரிய தலை, கிழட்டு முகம், சுரங்கக்காரன் உடுப்பு. பெயர் ‘நாக்கர்’. பாறையைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் வேலை. சத்தம் வந்த பக்கம் தோண்டினால் நல்ல தாது கிடைக்கும் என்பார்கள். அதே சத்தம் தலைக்கு மேலே கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும், கூரை இறங்கப்போகிறது. கொண்டுபோன சாப்பாட்டில் கடைசித் துண்டை அவர்களுக்கென்று போட்டுவிட்டு வருவார்கள். குழிக்குள் சீட்டியடிக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பிடிக்காதாம்.

இதை ஏதோ ஒரு மூலையின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சுரங்கத் தொழிலுக்கு ஐரோப்பாவின் முதல் பெரிய பாடநூலை எழுதிய ஜெர்மானியர் அக்ரிகோலா, பூமிக்கடியில் வாழும் உயிரினங்களைப் பற்றி 1549-ல் ஒரு தனி நூல் வெளியிட்டார். அதில் சுரங்கத்துக் குள்ளர்களையும் மற்ற உயிர்களோடு சேர்த்து எழுதியிருக்கிறார். பொலிவியாவின் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் ‘எல் தியோ’ என்ற கொம்பு வைத்த உருவத்துக்கு இன்றைக்கும் சிகரெட்டும் சாராயமும் கோக்கா இலையும் படைக்கிறார்கள். மண்ணைத் தோண்டுகிறவர்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் மண்ணுக்குள் யாரோ ஒருவர் இருக்கிறார்.

நம் பக்கத்தில் அந்த ஆள் பூதம். புதையலைக் காக்கும், தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கும். பூதத்தையும் நாக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பூதம் தோண்டுகிறவனுக்கு எதிராளி. ஆரத்தியும் அப்படித்தான். நாக்கரோ உடன் வேலை பார்க்கிறவர். எச்சரிக்கிறார், ஒரு வாய் சோற்றோடு திருப்தியடைகிறார். புதையல் மேல் ஆசை வைத்து மேலே நிற்பவனின் கதையில் பூதம் வருகிறது. உள்ளே இறங்கி உயிரைப் பணயம் வைப்பவனின் கதையில் நாக்கர் வருகிறார். எனக்கு இரண்டாவது கதைதான் நெருக்கம்.

சரி, இவர்களுக்கும் ‘கே.ஜி.எஃப்’ என்ற பெயருக்குள்ளேயே இருக்கும் கோலார் தங்கவயலுக்கும் என்ன தொடர்பு? நேரான தொடர்பு. 1880-ல் கோலாருக்கு வந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனியே டெவன், கார்ன்வால் சுரங்கங்களில் பேர் வாங்கியதுதான். அந்தக் காலத்தில் கார்ன்வாலில் செம்பு விலை விழுந்து குழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலையிழந்த சுரங்கக்காரர்கள் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று கப்பலேறினார்கள். ஒரு பகுதியினர் தங்கவயலின் மாரிகுப்பத்துக்கும் ஊரிகாமுக்கும் வந்து சேர்ந்தார்கள், மேற்பார்வை வேலைக்கு. அவர்களுக்குக் கீழே துளை போட்டு, வெடி வைத்து, தாது அள்ளியவர்கள் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்களும் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த ஊரில் ஒரு சாண் நிலம் வைத்துக்கொள்ள விடப்படாத தலித் மக்கள். நாக்கர் கதை கேட்டு வளர்ந்தவரும் பூதம் கதை கேட்டு வளர்ந்தவரும் ஒரே கேஜில் நின்று ஒரே ஷாஃப்டில் இறங்கினார்கள்.

இறங்கிய இடத்தில் பாறை உண்மையாகவே தட்டியது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். கோலாரின் தங்கம், செங்குத்தாகக் கீழே ஓடும் குறுகலான வெள்ளைக்கல் பட்டையில் இருந்தது. அதைத் தொடர்ந்து போன சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் மேலிருக்கும் பாறையின் எடை 800 கிலோவுக்கு மேல். தாதுவை எடுத்து ஓரிடத்தைக் காலி செய்ததும் அந்தச் சுமை பக்கத்துப் பாறைக்கு மாறும். மென்மையான பாறை மெல்ல நசுங்கி இடம் கொடுத்துவிடும். கோலார்ப் பாறை இறுகியது, விட்டுக்கொடுக்காது. வாங்கிய சுமையையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டே வந்து, தாங்க முடியாத ஒரு கணத்தில் வெடிக்கும். வெடிமருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. சுவர் தானாக வெடித்து, முன்னால் நிற்பவர்கள் மேல் வந்து விழும். ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். பெரிய வெடிப்பு என்றால் தரைக்கு மேலே இருக்கும் கட்டடங்களும் விரிசல் விடும்.

வெடிப்பதற்கு முன்னால் பாறைக்குள் நுண்ணிய விரிசல்கள் ஓடும். ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு சத்தம் உண்டு. சில சத்தங்கள் மனிதக் காதுக்குக் கேட்கும், பெரும்பாலானவை கேட்காது. கேட்பவற்றை வைத்துத்தான் கார்ன்வால் கிழவர்கள் ‘ஓடு’ என்று சொன்னார்கள். நாக்கரைப் பற்றிய கதை, பாறையைக் காது கொடுத்துக் கேட்கப் பழகியவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

கோலாரில் இந்தப் பாடம் அறிவியலாகவே மாறியது. மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையிலிருந்த ஸ்மீத், 1904-லேயே கோலாரின் ஏர் பிளாஸ்ட்களைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். அதன் பிறகு பாறையின் அதிர்வைப் பதிவு செய்ய நிலநடுக்கமானி வந்தது. பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் சேர்ந்து, நுண்ணிய அதிர்வையும் உணரும் ஜியோஃபோன்களைச் சுரங்கப் பகுதி முழுக்கப் பதித்தார்கள். ஒரு விரிசலின் சத்தம் எந்தக் கருவியை எப்போது எட்டியது என்று நொடியின் சிறு பின்னம்வரை கணக்கிட்டு, எந்த ஆழத்தில் எந்தப் பக்கம் பாறை முனகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமே அடித்தளம். இந்த நாட்டின் அணைகளுக்கும் மலையைக் குடைந்த பாதைகளுக்கும் பாறையைப் படித்துச் சொல்லும் நிறுவனம் அது.

கேட்டால் மட்டும் போதுமா? தாங்கவும் வேண்டுமே. முதலில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். மரம் நசுங்கியது; தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பிறகு கருங்கல்லைச் செதுக்கி, கேஜில் இறக்கி, தாது எடுத்த வெற்றிடத்தில் அடுக்கிச் சுவராக எழுப்பினார்கள். பூமிக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கல்லை வைத்துப் பூமியையே நிறுத்தி வைக்கும் வேலை! அதுவும், பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் ஆழத்தில், குளிரூட்டிய காற்றைக் குழாய் வழியாக அனுப்பினால்தான் மூச்சுவிட முடிகிற இடத்தில். கல்லை ஆளும் சக்தி என்று கதைகளில் படிக்கும்போதெல்லாம் இனி எனக்கு இந்தச் சுவர் அடுக்கியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எந்தப் படத்திலும் அவர்கள் வரவில்லை.

அவர்களுக்கும் முன்னோடிகள் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கோலாரில் ஆழமான குழிகள் இருந்தன. பாறைமேல் நெருப்பை மூட்டிச் சூடேற்றி, தண்ணீரை ஊற்றிப் பிளக்கும் முறை அவர்களுடையது. 1880-களின் தொடக்கத்தில், கோலாரில் தோண்டிக்கொண்டிருந்த மைசூர் கம்பெனியின் முதலீடு கரைந்து, பங்குதாரர்கள் கடையைக் கட்டிவிடலாம் என்று நின்ற நேரம். பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் அந்தப் பழைய குழிகளைத் தொடர்ந்து கீழே போய்த்தான் சாம்பியன் ரீஃபின் வளமான பட்டையை எட்டினார். பேர் தெரியாத உள்ளூர்க்காரர்கள் விட்ட இடத்திலிருந்துதான் லண்டன் கம்பெனி தொடங்கியது. அதற்குப் பிறகு 2001 வரை எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

இனி ராக்கி. பிரசாந்த் நீல் 2018-ல் எடுத்த படத்தின் கதைப்படி, நராச்சி என்ற இடத்தில் தங்கம் கிடைப்பதும் ராக்கி பிறப்பதும் 1951-ல். தங்கவயலின் சயனைடு கழிவு மேட்டில் எடுத்த சுரங்கக் காட்சிகளின் தூசி என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. அந்தத் தூசியில் யாருக்கும் இருமல் வராததும் மனதை விட்டுப் போகவில்லை. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதலில் பதிவானதே கோலார் தங்கவயலில்தான். கல்தூசி நுரையீரலில் படிந்து, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தும் நோய். ராக்கி ஒற்றை ஆளாய்ச் சுத்தியலைத் தூக்கும்போது தியேட்டரில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்த காரியத்தை ஒருவன் தோளில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை விரிவாகப் பேச வேண்டும். அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்த 1951 என்ற ஆண்டு என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

அந்த ஆண்டில்தான் ஹோமி பாபா, ஸ்ரீகண்டன் என்ற இளம் இயற்பியலாளரைக் கோலார்ச் சுரங்கத்துக்கு அனுப்பினார். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள்கள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் வரை இறங்குகின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலை. ஆழம் போகப் போக எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மேலும் கீழே போனால்? எல்லாத் துகள்களையும் பாறை வடிகட்டிய பிறகு, பாறை தடுக்க முடியாத ஒன்று மட்டும் மிஞ்சும் அல்லவா? அதுதான் நியூட்ரினோ. பூமியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் துகள். மண்ணுக்குள் வாழும் குள்ளர்கள், நாம் காற்றில் நடப்பதுபோல் பாறைக்குள் நடப்பார்கள் என்று 16-ம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் எழுதினார். அவர் கற்பனை செய்த சக்தியோடு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதைப் பிடிக்க வலை விரித்த இடம் சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட், 2.3 கிலோமீட்டர் ஆழம். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்திய சோதனை. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்டதாக அவர்களின் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஆய்விதழில் வெளியானது. அதே ஆகஸ்டின் இறுதியில், இதே துகளைத் தேடிய ரெய்ன்ஸ் என்ற இயற்பியலாளரின் குழுவினரது கட்டுரை வந்தது. அவர்கள் இறங்கியிருந்ததும் ஒரு தங்கச் சுரங்கம்தான், தென்னாப்பிரிக்காவில். இதை ஏன் நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது சொல்லக் கூடாது?

இந்த வாரம் கோலாரம்மாவுக்கும் இடமில்லாமல் போயிற்று. கோலார் நகரக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு நடுவே இருப்பவள் அவள். பக்கத்திலேயே தேள்களுக்கு அதிபதியான செல்லம்மா. மண்ணை ஆளும் பெண் தெய்வங்களைப் பற்றி இந்தத் தொடரில் பேசாமல் தீராது. அடுத்த வாரம் அவர்களும் ராக்கியும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. குழிகளில் நீர் ஏறியது. அதன் பிறகும் தங்கவயலின் பூமி அதிர்ந்து, கருவிகளில் பதிவாகியிருக்கிறது. கருவி கேட்டதற்கு ஆவணம் இருக்கிறது. உங்கள் தாத்தாவும் அப்பாவும் காதால் கேட்டதற்கு இல்லை. தங்கவயலில் இருப்பவர்களே, அங்கிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்தவர்களே: சுரங்கத்துக்குள் பாறை சத்தம் போட்டபோது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள், என்ன செய்தார்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள்? கேட்டுவைத்தவர்கள் எழுதுங்கள். கேட்காதவர்கள், பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வாரம் கேளுங்கள். வருகிற கடிதங்களை இந்தத் தொடரிலேயே வெளியிடுகிறேன்.