காவிரித் தீவில் ஒரு பகல்

மைசூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. இடைப்பட்ட தீவே ஸ்ரீரங்கப்பட்டணம். நம் திருவரங்கமும் இவ்வாற்றின் தீவே.

இங்கே செல்லப் படகு வேண்டா. பெங்களூர் இருப்புப்பாதை கோட்டையினூடே செல்கிறது. ஆயினும் எல்லா விரைவு வண்டிகளும் அங்கு நிற்பதில்லை. அரைநாள் மட்டுமே உடையவர்க்கு நகரப் பேருந்தே ஏற்றது.

அரங்கநாதர் கோயில் தீவின் மேற்கில் உள்ளது. நண்பகலுக்குப் பின் நடை சாத்தப்படும். ஆதலின் முதலில் அங்கு நடந்து செல்க. பின்னர் ஆட்டோவில் கிழக்கே சென்றால், 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையை அடையலாம். அதன் சுவரில், 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்து நடந்த பொள்ளிலூர்ப் போரின் ஓவியம் உள்ளது. தமிழ்நாட்டுப் போர்க்களம் ஒன்றைக் கன்னட நாட்டுச் சுவரில் காண்பது வியப்பன்றோ!

கீழ்க்கோடியில் சங்கமம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இறங்குக. நீரில் சுழல் உண்டு. கரையில் நின்றே காண்க.