புழு அதே புழுதான்

நம் ஊர்க் குளக்கரையில் தூண்டில் போடுகிறவன் கையில் மண்புழு இருக்கும். இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் அந்த இடம் ஈப்புழுவுக்கு. இறைச்சியைத் தின்று கொழுத்த, நீல ஈயின் வெள்ளைப் புழு. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலில் அதை வளர்க்கும் முறையையே சொல்லித் தருகிறார். ஈரலைக் குச்சியில் கோத்துத் தொங்கவிட்டு, அடியில் காய்ந்த களிமண் போட்ட பீப்பாயை வைத்தால் போதும். பருத்த புழுக்கள் தாமாகவே அதில் விழுந்து சுத்தமாகிவிடும். இன்று அந்த வேலையைப் பண்ணைகள் பார்த்துக்கொள்கின்றன. கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, பைன்ட் கணக்கில் அளந்து தருகிறார். புழு மாறவில்லை. அதை மீனின் வாய்க்கு எதிரே கொண்டுபோகும் விதம்தான் ஐம்பது வருடங்களில் அடியோடு மாறிவிட்டது. நாட்டிங்ஹாமை ஒட்டி ஓடும் டிரென்ட் ஆற்றின் கரையில் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

எல்லாம் முள்ளில் கோர்ப்பதில் தொடங்குகிறது. புழுவின் ஒரு முனை கூர்மை, மறுமுனை மொண்ணை. மொண்ணைப் பக்கம் கண் மாதிரி இரண்டு புள்ளிகள் தெரியும். அவை கண்ணல்ல, மூச்சுத்துளைகள். இரண்டு விரலுக்கு நடுவே மெல்ல அழுத்தினால் அந்த முனையில் தோல் லேசாகப் புடைக்கும். 20ஆம் எண் முள், நம் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. அதன் நுனி அந்தத் தோலை மட்டும் குத்தி வெளியே வர வேண்டும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் உள்ளே இருப்பது வழிந்து, சக்கைத் தோல்தான் மிஞ்சும். சரியாகக் கோர்த்த புழு முள்ளில் தொங்கிக்கொண்டே நெளியும். அந்த நெளிவுதான் இரை. விரல் மரத்துப்போகும் ஜனவரிக் காலையில் இதை நூறு தடவை செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அன்று, அதாவது 1960களிலும் 70களிலும், இந்த ஒற்றைப் புழு தக்கைக்குக் கீழேதான் போனது. ‘ஸ்டிக்’ என்கிற ஒல்லியான தக்கை. மேல்பாதி பால்சா மரம், கீழ்ப்பாதி பிரம்பு. அது பரவியதில் லங்காஷயரின் தூண்டில்காரர் பென்னி ஆஷர்ஸ்டுக்குப் பெரும்பங்கு உண்டு. தக்கைக்கும் முள்ளுக்கும் இடையில் கடுகளவு ஈயக்குண்டுகளைச் சட்டைப் பித்தான் மாதிரி சம இடைவெளியில் கடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் ஒரு சிட்டிகைப் புழுவைக் கையாலோ கவணாலோ எறிவார்கள். இறைத்த புழுவும் முள்ளில் இருக்கும் புழுவும் ஒன்றாக ஆற்றோடு போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்றின் மேல்நீர் வேகமாக ஓடும், அடிநீர் மெதுவாக நகரும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அடியிலிருக்கும் புழுவை அது இழுத்துக்கொண்டு ஓடும், மீன் சந்தேகப்படும். அதனால் தூண்டில் நரம்பை விரலால் லேசாகத் தடுத்து, தக்கையைத் தயங்கித் தயங்கிப் போகவிடுவார்கள். புழு முந்திக்கொண்டு, கொஞ்சம் மேலெழும்பி, மறுபடி அமரும். ரோச் மீன் அந்த எழுச்சியில்தான் கவ்வும். எந்த இடத்தில் எவ்வளவு தடுப்பது என்பது புத்தகத்தில் வராது, விரலுக்குத்தான் தெரியும்.

அந்த வித்தை செழித்ததற்கு ஆறும் ஒரு காரணம். டிரென்ட் கரை நெடுக நிலக்கரி அனல்மின் நிலையங்கள் இருந்தன. குளிர்விக்க எடுத்த தண்ணீரை அவை வெதுவெதுப்பாகத் திருப்பி விட்டன. நடுக்குளிர்காலத்திலும் ரோச் கூட்டம் கூட்டமாக இரை எடுத்தது. பின்னர் அந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30இல் நின்றது. கழிவு குறைந்து ஆறும் தெளிந்தது. இன்று டிரென்டுக்கு ஆட்களை இழுப்பது பார்பெல். கெண்டை இனத்தைச் சேர்ந்த, மீசை வைத்த, தரையோடு தரையாக மேயும் பலசாலி. பத்துப் பவுண்டைத் தாண்டுகிற மீனுக்காகவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிடித்ததும் ஈர வலையில் தாங்கி, நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்து, தெம்பு வந்ததும் விட்டுவிடுகிறார்கள்.

அந்த மீனுக்கு ஒற்றைப் புழுவும் மெல்லிய நரம்பும் பத்தாது. அதனால் ‘ஃபீடர்’ முன்னுக்கு வந்தது. துளைகள் போட்ட சிறு பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் ஈயப்பட்டை. குழாய் நிறையப் புழுவை அடைத்து நடு ஆற்றில் எறிந்தால், அது தரையில் தங்கும். புழுக்கள் துளை வழியே நெளிந்து வெளியேறும். குளிரில் அவை சுணங்கும் என்பதால் துளையைப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. முள்ளும் மாறியது. 1980ஐ ஒட்டி கார்ப் மீனுக்காக லென்னி மிடில்டனும் கெவின் மாடக்ஸும் ஒரு வழி கண்டார்கள்: இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒரு மயிரிழையில் கட்டுவது. அதே மயிரிழையில் இன்று சின்னக் கம்பி வளையத்தை மாட்டி, ஏழெட்டுப் புழுக்களைக் கொத்தாகக் கோர்க்கிறார்கள். கூடவே ஒரு ரப்பர் புழு. சிறுமீன்கள் உயிர்ப்புழுவைக் கடித்துத் தின்றாலும் அது மிஞ்சி நிற்கும்.

வேறு சிலவும் போயின. அன்னங்கள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால், 1987 முதல் பெரும்பாலான சின்ன ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை. அவற்றின் இடத்தில் நஞ்சில்லாத குண்டுகள் வந்தன. புழுவைப் பொன்னிறமாக்கிய கிரைசாய்டின் சாயமும் ஒழிந்தது. விரலெல்லாம் மஞ்சளேறிய தூண்டில்காரர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருகிறதோ என்று 1980களில் எழுந்த அச்சம் அதற்குக் காரணம். இந்த இரண்டு இழப்பும் நல்லதற்கே.

வெள்ளம் கலங்கி ஓடும் நாளில் தக்கை நிற்காது. ஃபீடர்தான் மீனைக் காட்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஆறு வற்றி, கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருக்கும்போது, குழாய் விழும் சத்தத்துக்கே மீன் விலகிவிடும். அப்படியொரு சாயங்காலம், காலையிலிருந்து கோலைத் தாங்கியில் சாய்த்து வைத்திருந்த இளைஞர் ஒருவர் ஃபீடரைச் சுருட்டிக் கழற்றினார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஸ்டிக் தக்கையை எடுத்தார். ஒரு புழுவை விரலில் வைத்து மொண்ணை முனையை அழுத்தினார். மூன்றாவது புழுவைத்தான் சரியாகக் கோர்த்தார். தக்கை ஆற்றில் இறங்கி, அவர் விரல் தடுக்கத் தடுக்கத் தயங்கி, வில்லோ மரத்தின் நிழலுக்குள் நுழைந்ததும் மறைந்தது.