வைக்கோலும் ஈரமும்

கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு வைக்கோற்போர் ஓர் இருப்புப் பெட்டி. பொன்மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோடைக்கு அதுவே கைம்முதல். அப்பெட்டியை உள்ளிருந்தே அரிக்கும் திருடன் ஒருவன் உண்டு. அவன் பெயர் ஈரம்.

சென்ற கார்த்திகையில், மாட்டுக்கடன் தவணை இரண்டு நின்றுபோன ஓர் அங்கத்தினரைக் காணச் சென்றேன். நாள்தோறும் ஆறு லிட்டர் பால் ஊற்றியவர், சங்கக் கணக்கில் நான்குக்கு இறங்கியிருந்தார். “தீனிக்கு என்ன குறை வைத்தேன், ஐயா? போர் நிறையக் கிடக்கிறதே!” என்றார் அம்மூதாட்டி. போருக்குள் முழங்கை வரை கையை விட்டேன். சூடு தாளாமல் உடனே எடுத்துக்கொண்டேன். ஐப்பசி மழைக்கிடையே அறுத்துப் போட்ட குறுவை வைக்கோல் அது. மேலே பொன்னிறம், உள்ளே கருமையும் வெண்பூஞ்சணமும்.

இதன் காரணம் யாதெனில், உலராத தாள் அறுத்த பின்னும் சிறிது காலம் சுவாசிக்கிறது. ஈரத்தில் பூஞ்சணமும் நுண்கிருமிகளும் பெருகுகின்றன. இவை வைக்கோலின் சத்தைத் தின்று வெப்பத்தை விடுகின்றன. நெருங்கிய போரில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. ஈரம் 15 சதவீதத்துக்குள் இருப்பின் போர் நிலைக்கும். 20-ஐத் தாண்டினால் கெடத் தொடங்கும். சூடு மிகுந்தால் வைக்கோல் பழுத்துப் புகையிலை மணம் பெறும். மாடு அதை விரும்பித் தின்னும். ஆனால் அதிலுள்ள புரதம் எளிதில் செரியாது. பூஞ்சணத் தூசி, உதறிப் போடுகிறவரின் நுரையீரலையும் கெடுக்கும். கஞ்சி போட்ட பாவை உலராமல் சுருட்டினால் நேருவது என்ன என்று அறிந்த உறையூர் நெசவாளர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

“மருந்து தெளித்தால் தீராதா?” எனப் பலர் வினவுகின்றனர். உப்புத் தூவினால் சுவை கூடும்; நனைந்த போரை அது காப்பாற்றாது. மேல்நாடுகளில் உலர்புல்லுக்குப் புரோப்பியானிக் அமிலம் தெளிக்கின்றனர். சிறிது ஈரம் மிகுந்த கட்டுகளை அது காக்கும். ஈரம் 30 சதவீதத்தைக் கடந்தால் அதுவும் கைகொடாது. நாட்பட ஆவியாகியும் போகும். வெயிலுக்கு ஈடான மருந்து இல்லை.

ஆயினும் ஈரமே நண்பனாகும் இடம் ஒன்று உண்டு. நன்கு உலர்ந்த 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறிப் பூஞ்சணத்தை அடக்கும், நாரை இளக்கும், புரத அளவையும் உயர்த்தும். அளவு தவறினால் யூரியா நஞ்சாகும். கரைசலை மாடு குடித்துவிடாமல் காத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோலைக் கொடுக்கலாகாது. மற்றவற்றிற்கும் காற்றாட விட்டு, சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

ஈரம் அறிய எளிய சோதனை: உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் நறுக்கிய வைக்கோலையும் காய்ந்த உப்பையும் இட்டுக் குலுக்குக. உப்பு கட்டியானால் போர் போடாதீர்கள். போட்ட போரில் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காவிடில் போரைப் பிரிக்க வேண்டியதே. அப்போது தண்ணீரை அருகில் வைத்துக்கொள்க. காற்றுப் பட்டதும் தீப்பற்றுவதும் உண்டு. போரின் அடி மேடாகவும், மேல் கூம்பாகவும் இருத்தல் அவசியம்.

அம்மூதாட்டி மறுநாளே போரைப் பிரித்தார். கறுத்ததை எருக்குழிக்குத் தள்ளினார். ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியது. தையில் வந்த சம்பா வைக்கோலை மூன்று வெயில் காட்டி அடுக்கினார். சித்திரையில் ஒரு தவணை கட்டினார். மற்றொன்று இன்னும் பாக்கி.

அன்று நான் தவணை கேட்கத்தான் போனேன். போரைப் பார்த்தது தற்செயல். மழைக்கு முன் வாங்கும் தார்ப்பாய் ஒன்று, கெட்ட வைக்கோலின் விலையைவிட மலிவு. தனித்து வாங்க இயலாதோர் சங்கத்தின் வழியே சேர்ந்து வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாமே! அடுத்த பொதுக்குழுவில் இதை எழுப்புங்கள்.