மாலை வெயிலும் ஒரு வியாபாரச் சரக்குதான்

ரோல் கழுவி, பிரின்ட் அடித்து, அடையாள அட்டைக்குப் படம் பிடித்துக் கடை வாடகையைச் சமாளித்த காலம் நமது ஸ்டூடியோக்காரர்களுக்கு முடிந்துவிட்டது. பிலிம் என்றாலே நினைவுக்கு வந்த கொடாக் நிறுவனமே 2012 ஜனவரியில் கடன் தாங்காமல் அமெரிக்க நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. இன்று எல்லோர் கையிலும் கமரா உள்ள போன் இருக்கிறது. ஆனாலும் கல்யாண வீட்டார் ஒரு விடயத்துக்கு இன்னும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். சூரியன் இறங்கும் வேளையில், திறந்த வெளியில், மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து எடுக்கும் படங்கள்தாம் அவை. இந்தத் தொழிலில் இருப்பவர்களும், பிள்ளைகளை இதில் இறக்க நினைப்பவர்களும் அந்த வெளிச்சத்தின் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நண்பகலில் வெயில் தலைக்கு மேல் நிற்கிறது. கண்குழி கறுக்கும், மூக்கின் கீழ் நிழல் விழும், பெண்ணின் வெள்ளைச் சாரி கண்ணைக் கூசும். சூரியன் தாழ்ந்ததும் ஒளி பக்கவாட்டில் வருகிறது. காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. முகத்துக்கு அந்த மென்மையான பொன்னிறம் கிடைப்பது இதனால்தான்.

ஆனால் அது எவ்வளவு நேரம் நிற்கும்? வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் கோடைகாலச் சூரியன் சரிந்து சரிந்து மெதுவாக இறங்குகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள நமது நாட்டில் ஏறக்குறைய நேராக விழுகிறது. நல்ல வெளிச்சம் நமக்குக் கடைசி நாற்பது நிமிடங்கள்தாம். மறைந்த பின் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும்.

நேரம் பார்க்க இணையத்தைத் தேட வேண்டியதில்லை. நமது கடைச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் மஃரிப் நேரத்தைப் பார்த்தால் போதும் (சில அட்டவணைகளில் பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் கூட்டியிருப்பார்கள்). கொழும்பில் நவம்பரில் 5.50 அளவில் மறையும் சூரியன் ஜூலையில் 6.30 வரை இருக்கும். மட்டக்களப்பில் ஏழெட்டு நிமிடம் முந்திவிடும். அதே அட்டவணை இன்னொன்றையும் சொல்கிறது. பாங்கு சொல்லும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். இன்னும் நாலு படம் என்று இழுத்துக்கொண்டு நின்றால், அடுத்த ஓடர் அந்தக் குடும்பத்தில் கிடைக்காது.

அட்டவணை மட்டும் போதாது என்பதை எனது மச்சானின் மகன் கண்டிப் பக்கத்தில் அனுபவித்தான். 6.15க்கு மறையும் என்று கணக்குப் போட்டு 5.30க்கு ஜோடியைக் கொண்டுபோய் நிறுத்தினான். சூரியன் அதற்குள் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வந்தது சாம்பல் நிறப் படம். பெண் வீட்டாருக்குப் பாதிப் பணம் திரும்பிப் போனது. முதல் நாள் அதே நேரத்தில் போய் நின்று பார்த்திருந்தால் முச்சக்கர வண்டிக் கூலியோடு முடிந்திருக்கும்.

மேற்குக் கரையில் காலிமுகத்திடல், பேருவளை, காலிக் கோட்டை மதில் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. கிழக்கில் கடல் பக்கம் சூரியன் உதிக்குமே தவிர மறையாது. அதற்காகக் காத்தான்குடிக்காரர் கவலைப்பட வேண்டாம், மேற்கே வாவி இருக்கிறது. புத்தளத்துக்கும் களப்பு மேற்கில்தான். பூங்காக்களில் கட்டணத்தையும் வாயில் மூடும் நேரத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். தொல்பொருள் இடங்களில் மிகுந்த கவனம் தேவை. கிரலாகல தூபியில் ஏறிப் படமெடுத்ததற்காகத் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் 2019 ஜனவரியில் கைதானதை நாம் மறக்கவில்லை.

இனிக் கமரா விடயம். சூரியனை ஜோடியின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் கமரா பின்னாலுள்ள பிரகாசத்தை அளந்துவிட்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முகத்தை மட்டும் அளந்து எடுக்க வேண்டும், அல்லது முன்னால் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையே அந்த வேலையைச் செய்யும், பிடிக்க ஒரு பையன் இருந்தால் சரி. வானத்தின் நிறமும் வேண்டுமானால் ஃப்ளாஷைக் குறைத்து, அதன் மேல் செம்மஞ்சள் தாள் ஒட்டிப் போடலாம். தாள் இல்லாத ஃப்ளாஷ் முகத்தை மட்டும் நீலம் பாய்ந்ததாகக் காட்டும். வைட் பெலன்ஸை ஓட்டோவில் விட்டால் நாம் தேடி வந்த பொன்னிறத்தையே கமரா குற்றம் என்று எண்ணித் திருத்திவிடும். டேலைட்டில் வையுங்கள். மறுபுறம், வெள்ளைச் சாரி மஞ்சளாகிவிட்டது என்று மாமியார் குறை சொல்லக்கூடும். ரோ முறையில் எடுத்து வைத்தால் பின்னர் கம்பியூட்டரில் சரிசெய்யலாம்.

விலைக்கு வருவோம். அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா என்று வாடிக்கையாளர் கேட்பார். ஒரு மாலையில் ஒரு ஜோடிதான். வான், உதவியாள், மறுநாள் முழுக்கக் கம்பியூட்டர் முன்னால் குந்தியிருப்பது எல்லாம் அந்த அரை மணிக்குள் அடக்கம். விற்காமல் போன துணியை அடுத்த பெருநாளுக்கு விற்கலாம், விற்காமல் போன மாலையை விற்க முடியாது. ஆசைப்பட்டு ஒரே மாலையில் இரண்டு ஓடர் எடுப்பவர் இரண்டையும் கெடுத்துக்கொள்வார்.

நிக்காஹ்வுக்கு முன்னரே ஜோடியை வெளியே அழைத்துப் போக நமது வீடுகளில் பலர் சம்மதிப்பதில்லை. நிக்காஹ்வுக்கும் வலீமாவுக்கும் இடைப்பட்ட மாலையைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண நாளன்று மண்டபத்தில் சாப்பாடு பிந்தினால் வெயில் போய்விடும். பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களும் அதிகம், அப்படி ஒருவரைப் பயிற்றி வைத்திருக்கும் ஸ்டூடியோவைத் தேடி வருவார்கள். எடுத்த படத்தைக் கடை விளம்பரத்துக்காகப் பேஸ்புக்கில் போட எழுத்தில் அனுமதி வாங்காமல் போடவே வேண்டாம்.

முற்பணம் வாங்கும்போதே பற்றுச்சீட்டின் பின்பக்கம் மழைக்கான நிபந்தனையை எழுதுங்கள். மேற்கில் மே முதல் செப்டெம்பர் வரையும், கிழக்கில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் மேகம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. மழையால் தவறினால் வேறொரு மாலை ஒரு தடவை இலவசம், வீட்டார் பிந்தி வந்து வெயில் போனால் மறு தடவைக்கு வான் கூலி அவர்களுடையது என்று இரண்டே வரி. அதன் கீழ் இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.