உஷார்! “அண்ணன் பாத்திருப்பாரு” என்றால் யாரும் பார்க்கவில்லை

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். சிமென்ட் ஆலையில் ஃபிட்டர், டயர் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன், டெப்போவில் மெக்கானிக். கொஞ்சம் படித்த பையன் என்றால் சென்னையிலோ துபாயிலோ விமானத்துக்கு ஸ்பேனர் பிடிக்கிறான். இந்த எச்சரிக்கை அவர்களுக்கும், அவர்கள் பழுது பார்த்த வண்டியில் ஏறுகிற நமக்கும்தான்.

2024 அக்டோபர் 11 மாலை ஞாபகம் இருக்கிறதா? திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. டிவியில் நேரலை, கோயில்களில் வேண்டுதல். பத்திரமாக இறங்கியதும் பைலட்டைக் கொண்டாடினோம், அதில் தப்பில்லை. ஆனால் எந்த விமானத்தின் விதியும் பாதிக்கு மேல் எழுதப்படுவது அதற்கு முந்தைய ராத்திரிகளில், ஹேங்கருக்குள்ளே, பெயர் தெரியாத சிலரின் கையில். அந்தக் கைக்கு என்ன நேர்கிறது என்று நாம் கேட்பதே இல்லை.

“பொறுப்பில்லாத பசங்க, ஃபோனை நோண்டிக்கிட்டே வேலை பாக்குறானுங்க” என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். விமானப் பராமரிப்பில் நடந்த பெரிய தவறுகளைப் புரட்டிப் பார்த்தால் அங்கே நிற்பவர் பெரும்பாலும் சோம்பேறியும் அல்ல, கற்றுக்குட்டியும் அல்ல. அனுபவஸ்தர், கெட்டிக்காரர், எல்லோரும் நம்புகிறவர். பயப்பட வேண்டியது அந்த நம்பிக்கைக்குத்தான்.

1990 ஜூன் மாதம், இங்கிலாந்தின் பர்மிங்காம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு விமானத்துக்கு பைலட் முன்னால் இருக்கும் கண்ணாடியை மாற்ற வேண்டும். இரவு ஷிஃப்டில் ஆள் குறைவு. ஷிஃப்ட் மேனேஜரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதிகாலை நேரம். கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளைக் கழற்றினார். பழையதைப் புதிதாக மாற்றிவிடலாம் என்ற நல்லெண்ணம். மேனுவலில் பார்ட் நம்பர் தேடவில்லை, கழற்றிய போல்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு ஜோடி தேடிப் போனார்.

அங்கே ஸ்டோர்ஸில் இருந்தவர் பல வருஷம் அதே வேலையில் பழுத்தவர். “அந்தக் கண்ணாடிக்கு இது இல்லையே, வேற சைஸ் போல்ட்தானே போடுவாங்க” என்கிற விஷயத்தைச் சொல்லிவிட்டார். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு தடவை சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். மேனேஜரிடம் எவ்வளவுதான் சொல்வது?

தேடிய போல்ட் அங்கே போதுமான எண்ணிக்கையில் இல்லை. மேனேஜர் விமான நிலையத்தின் இன்னொரு மூலைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் ஒரு டப்பாவிலிருந்து கண்ணளவில் பொறுக்கி எடுத்தார். மாட்டிய 90-ல் 84 போல்ட்டுகள் குறுக்களவில் சுமார் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! மீதி ஆறும் நீளம் போதாதவை. முறுக்கும்போது வித்தியாசம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நின்ற மேடையிலிருந்து கண்ணாடி சரியாக எட்டவில்லை, எட்டி வளைந்து மாட்டியதில் போல்ட் இருக்கும் இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. வேலையைச் செய்தவரும் அவர், சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவர். இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும் என்று அந்த வேலைக்கு அப்போது விதியும் இல்லை.

ஜூன் 10 காலை விமானம் ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பியது. 17,300 அடியில் கண்ணாடி வெடித்துப் பறந்தது. கேப்டனின் உடல் இடுப்பு வரை வெளியே உறிஞ்சப்பட்டு விமானத்தின் கூரை மேல் படுத்துக்கிடந்தது. சிப்பந்திகள் இருபது நிமிஷத்துக்கும் மேல் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தது ஆச்சரியம்தான்.

எனக்கு அந்த மேனேஜரைவிட ஸ்டோர்ஸ்காரர்தான் மனதில் நிற்கிறார். விடை அவர் கையில் இருந்தது, வாய் திறந்து சொல்லவும் செய்தார், அழுத்திச் சொல்லத்தான் அவரால் முடியவில்லை. இந்தக் காட்சி நம் ஊரில் தினமும் நடக்கிறது. “அண்ணே, இந்த பேரிங் சத்தம் வேற மாதிரி இருக்கே” என்று ஐடிஐ முடித்து வந்த பையன் சொல்வான். “நேத்து வந்தவன் நீ, இருபது வருஷமா பாக்குறோம், போடா” என்று பதில் வரும். பையன் சிரித்துக்கொண்டே நகர்வான். அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டான். பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வீட்டில் நாம் பழக்கியது, ஷெட்டுக்குள் போய் இப்படித்தான் வேலை செய்கிறது.

மனோதத்துவக்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1968-ல் பிப் லட்டனே, ஜான் டார்லி என்ற இருவர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஃபாரம் நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துவாரம் வழியாக மெதுவாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இரண்டு பேரை உட்காரவைத்து, ‘புகையைக் கண்டுகொள்ளாதது போல் இருங்கள்’ என்று அவர்களிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தபோது, 10 சதவீதம் பேர்தான் போய்ச் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் சும்மா இருந்தால் புகையும் புகையாகத் தெரிவதில்லை.

அடுத்த ஆபத்து ஷிஃப்ட் மாறுகிற அந்தக் கால் மணி நேரம். 1991 செப்டம்பர் 10 இரவு, அமெரிக்காவின் ஹூஸ்டன். கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் சிறிய விமானம் ஒன்றின் வால் பகுதியில் வேலை. மாலை ஷிஃப்டில் இருந்த இன்ஸ்பெக்டர், கைகொடுப்போமே என்று தானே ஏறி மேல்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த ஷிஃப்ட் வந்தது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. போகிறவர் அதற்குப் பிறகுதான் எழுதினார்! வலது பக்கம் வேலை முடிந்தது. இடது பக்கம் மேலே 47 ஸ்க்ரூக்கள் இல்லாமலே விமானம் வெளியே போனது. தரையில் நின்று பார்த்தால் அந்த உயரத்தில் ஒன்றும் தெரியாது. 11-ஆம் தேதி காலை முதல் பயணம் ஒழுங்காகப் போனது, திரும்பி வரும்போது ஈகிள் லேக் அருகே அந்த ஸ்க்ரூக்கள் பிடித்திருக்க வேண்டிய தகடு பிய்ந்து, விமானம் விழுந்தது. 14 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. விசாரணை வாரியத்தில் இருந்த ஜான் லாபர் என்ற உறுப்பினர் மட்டும் தனியாக எழுதிவைத்தார்: மெக்கானிக்குகளை மட்டும் சொல்லிப் பயனில்லை, இப்படி வேலை செய்வதைச் சகஜமாக்கிய நிர்வாகமும் காரணம் என்று. நானும் அவர் கட்சிதான்.

“தூரத்து ஊர் கதை” என்று ஒதுக்கினால், அரியலூருக்கே வருகிறேன். 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்து, எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்துக்குள் போயின. 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அடைமழை, ஆற்றில் வெள்ளம், கரை அரித்துவிட்டது. அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில், மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலக முன்வந்தார், நேரு ஒப்பவில்லை. அரியலூருக்குப் பிறகு விலகியே விட்டார். அன்றிலிருந்து இத்தனை வருஷமாக மேடைகளில் அந்த ராஜினாமாவைப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் யார் விலகினார் என்பது நமக்கு மனப்பாடமான அளவுக்கு, கரை எப்படி அரித்தது, அந்த மழையில் தண்டவாளத்தை யார் எப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்பது மனப்பாடமாகவில்லை. பதவி விலகலில் கரை கெட்டியாகாது.

ரயில்வேயில் மழைக்கால ரோந்து என்று ஒன்று இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? விளக்கோடும், தண்டவாளத்தில் வைத்தால் எஞ்சினுக்கு அடியில் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடிகளோடும் ஒருவர் இரவில் நடப்பார். தன் எல்லை முடிகிற இடத்தில் அடுத்த ரோந்துக்காரரைச் சந்தித்து, கையில் இருக்கும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். புத்தகம் கைமாறவில்லை என்றால் ஒருவர் நடக்கவில்லை என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். ஹூஸ்டனில் இல்லாமல் போனது இதுதான். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று, வேலை நடந்த இடத்தையே தொட்டுக் காட்டி ஒப்படைப்பது. உங்கள் ஆலையில் ரிலீவர் வருவதற்குள் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்? ‘மீதி அவன் பாத்துப்பான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்?

வருடாந்திர ஷட்டவுன் சமயத்தில் இன்னும் உஷார். சிமென்ட் ஆலையில் கிளின் என்கிற சூளை நின்றால் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்று மேலே நெருக்குவார்கள். வெளியூர் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்து குவிவார்கள், யார் எதைக் கழற்றினார் என்று யாருக்கும் தெரியாது. கன்வேயருக்குள் இறங்குமுன் “ஆஃப் பண்ணியாச்சு, இறங்கு” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சுவிட்சில் உங்கள் பூட்டு, சாவி உங்கள் சட்டைப் பையில். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இரட்டைச் சோதனை இருக்கிறதே என்று தைரியம் சொல்வார்கள். அதிலும் ஓட்டை உண்டு. செய்பவர் ‘பின்னாடி அவர் பாப்பாரு’ என்று விடுகிறார், பார்ப்பவர் ‘அவர் செஞ்சா தப்பா இருக்காது’ என்று டிக் அடிக்கிறார். 1983-ல் மயாமியிலிருந்து பறந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில் மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் கசிந்தது. மூன்றிலும் ஒரே இரவில், ஒரே மாதிரி, சிறிய ரப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தார்கள். எப்போதும் வளையம் மாட்டியே வரும் பாகம் அன்றைக்கு வளையமில்லாமல் வந்தது. மாட்டித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். கடலுக்கு மேல் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று, முதலில் நிறுத்திய எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்துத்தான் 172 பேரும் தப்பினார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. இரவு டூட்டி முடித்து வந்தவரைக் காலை பத்து மணிக்கு முகூர்த்தத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மதியம் மொய் எழுதவைத்து, அன்று இரவே மறுபடி டூட்டிக்கு அனுப்புகிறோம். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே அடங்குகிற நேரம். பகலில் தூங்காதவருக்கு அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும், மூளை திறந்திருக்காது. தூங்கவிடுங்கள். கல்யாண வீட்டார் கோபித்தால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

விமானப் பராமரிப்புப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கப்போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரிச் சான்றிதழ் லைசென்ஸ் ஆகாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும், கைவேலை அனுபவமும் காட்ட வேண்டும். சேருமுன் அந்த நிறுவனம் டிஜிசிஏ அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேர்வுப் பாடத்தில் ஒன்பதாவது பகுதி முழுக்க மனிதத் தவறுகளைப் பற்றியதுதான். கனடாவில் கார்டன் டூபாண்ட் என்பவர் 1993-ல் தொகுத்த பன்னிரண்டு காரணங்களை, களைப்பு, அவசரம், மெத்தனம், அடித்துப் பேசத் தயங்குவது என்று, மாணவர்கள் அதில் வரிசையாக ஒப்பிப்பார்கள். மார்க்கும் வாங்கிவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே சோதனை வரும். யாராவது பேனாவை நீட்டி, “நான் முடிச்சிட்டேன் தம்பி, ஒரு சைன் போட்டுடு” என்பார். “நான் இன்னும் பாக்கலண்ணே, ஏறிப் பாத்துட்டுப் போடுறேன்” என்று சொல்லப் பழகுங்கள், வீட்டிலேயே உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நல்ல ஃபோர்மேன் என்றால் ஏணியைப் பிடித்துக்கொள்வார். கோபப்பட்டு முறைக்கிற இடமாக இருந்தால், அன்றைக்கே வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுங்கள்.