வீச்சுப் பண்பேற்றம்: குரலைச் சுமக்கும் அலை

வீச்சுப் பண்பேற்றம் என்பது, உயர் அதிர்வெண் கொண்ட ஒரு வானொலி அலையின் வீச்சை ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து, அந்த ஒலியைத் தொலைவுக்கு அனுப்பும் முறை. குரலை மின்னலையாக்கி நேரே அனுப்பினால் என்ன? 3,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 கிலோமீட்டர். கால் அலைநீள ஏரியல் என்றாலும் 25 கிலோமீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட வேண்டும்! சென்னை வானொலியின் மத்திய அலையான 720 கிலோஹெர்ட்ஸுக்கோ சுமார் 104 மீட்டர் போதும். அதனால்தான் குரலைச் சுமக்க ஓர் ஊர்தி அலை தேவைப்படுகிறது.

ஊர்தி அலை சீராக, இடைவிடாமல் ஓட வேண்டும். 1900 டிசம்பரில் அமெரிக்காவின் காப் தீவில் ரெஜினால்டு ஃபெசண்டன் முதன்முதலில் குரலை அனுப்பியபோது, தீப்பொறிக் கருவியே அலையைத் தந்தது. குரல் கேட்டது, கூடவே பேரிரைச்சலும் கேட்டது. 1906-இல் உயர் அதிர்வெண் மின்னாக்கியைக் கொண்டு தொடர் அலையை உண்டாக்கிய பிறகே பேச்சு தெளிந்தது.

720 கிலோஹெர்ட்ஸ் அலையில் 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால், 717, 723 என இருபுறமும் இரண்டு புதிய அலைகள் பிறக்கின்றன. இவையே பக்கப்பட்டைகள். செய்தி முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. நடுவிலுள்ள ஊர்தி அலை சற்றும் மாறுவதில்லை. ஒற்றைச் சுரத்தை முழு அளவுக்கு ஏற்றும்போதுகூட மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கை, எதுவும் சொல்லாத இந்த ஊர்தி அலையே எடுத்துக்கொள்கிறது. அந்த அளவையும் மீறி ஏற்றினால் அலை இடையிடையே அறுந்து, ஒலி கரகரக்கும்.

வீண்செலவாகத் தோன்றும் இந்த ஊர்தி அலைதான் வானொலிப் பெட்டியை எளிமையாக்கியது. அது உடன் வருவதால், அலையின் மேல் விளிம்பே மூல ஒலியின் வடிவத்தில் அமைகிறது. ஒரு டையோடு அலையின் பாதியை வெட்டிவிடும். ஒரு மின்தேக்கி மிச்சமுள்ள வேக அதிர்வைச் சமன்செய்யும். குரல் வெளியே வந்துவிடும். டையோடுக்குப் பதில் கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லும் இதைச் செய்யும். கல்லைக் கொண்டு வானலையை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீச சந்திர போஸ். அத்தகைய கல் வானொலிக்கு பேட்டரிகூட வேண்டாம்; ஏரியலில் சிக்கும் ஆற்றலே காதுக் கருவியை இயக்கும்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. மின்னலும் மோட்டார் பொறியும் வந்து சேரும் அலையின் வீச்சையே குலைக்கின்றன. வீச்சில் நேரும் மாற்றம் எதுவானாலும் டையோடு அதை ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். மழைக்கால இரவுகளில் மத்திய அலை நிலையங்களில் பேச்சோடு பேச்சாகக் கேட்கும் படபடப்பு அதுதான்.